இடதுபக்க லைட்

"இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு பல்பு குடும்மா" என்று கேட்டுவிட்டு, கேட்டதே தப்போ என்கிற மாதிரி சென்னியப்பன் கண்ணாடி மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மத்தியானம் மூணு மணி. தாராபுரத்து வெயில் கடை வாசல் வரைக்கும் வந்து நின்றது, அதற்கு மேல் உள்ளே வர அதற்கும் தெம்பில்லை. உள்ளே ரப்பர் வாசனை, கிரீஸ் வாசனை, தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் பேன் பெல்ட்டுகள். "ஒத்தைப் பல்பு விக்கறதில்லீங்களே" என்றாள் மல்லீஸ்வரி. அந்த உதிரிபாகக் கடையைத் தனியாளாக நடத்துகிறவள், நாற்பது வயசு இருக்கும், காதில் பேனா, கையில் ஸ்க்ரூடிரைவர். "மாத்துனா ரெண்டையும் மாத்தோணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா வெளிச்சம் ஒரு பக்கமாச் சாஞ்சு ரோடே கோணலாத் தெரியுமுங்க. ஜோடியாத்தான் போடோணும்." "ஜோடியாவா" என்றார் அவர், ஏதோ புதுச் சங்கதி மாதிரி. ஜோடியாக வாங்குவதில் உங்களுக்குத் தெரிந்தது செருப்பு ஒண்ணுதான் மாமா, அதையும் கல்யாண வீட்டில் மாத்திப் போட்டுக்கிட்டு வருவீங்க என்று துளசிமணி இருந்தால் சொல்லியிருப்பாள். துளசிமணி இருந்தால் இந்தக் கடைக்கே வந்திருக்க வேண்டியதில்லை. பாருங்கள், வந்த வேலை பல்பு, அதற்குள் அவள் பேர் வந்துவிட்டது. பத்து மாசமாக இதே பிழைப்பு. மோட்டார் போட்டால் அவள், குழம்புக்கு உப்புப் போட்டால் அவள், மூக்குக் கண்ணாடியைத் தேடினால் அவள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுசன் ஊரில் வேறு எவனும் இல்லையா என்ன. கூட வேலை பார்த்த ரங்கசாமி மூணாம் மாசமே பஸ் வைத்துத் திருச்செந்தூர் டூர் போய் வந்தான். இவரோ பால் சொசைட்டியில் முப்பத்தொரு வருசம் செயலாளர், கேனைத் திறந்ததும் மூக்கை வைத்தே பாலில் தண்ணி இருக்கிறதா என்று சொல்லிவிடுகிற ஆள். அவருக்கு ஒரு பல்பு கேட்டு வாங்கத் தெரியவில்லை.

சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாகப் பல்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சுவிட்சு. "பாத்துக்கங்க" என்று மல்லீஸ்வரி முதல் சுவிட்சைத் தட்டினாள். எதிர்ச் சுவரில் பளீரென்று வெள்ளை விழுந்தது. "இது எல்.இ.டி. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க." அந்த வெள்ளையை அவருக்குத் தெரியும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரூமுக்கு வெளியே பகலா ராத்திரியா என்று தெரியாமல் எரிந்துகொண்டிருந்த வெள்ளை, அதற்கடியில் ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்த துளசிமணி, "ஊட்டுக்குப் போலாமுங்களா மாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை கேட்கிற மாதிரி. "இது வேண்டாம்மா, வேற காட்டு." அடுத்தது நீலம் கலந்த வெள்ளை. அதுவும் வேண்டாம். மூன்றாவது மஞ்சள். "இது சாதா ஹாலஜனுங்க, உங்க வண்டியில வந்ததே இதுதான். மழைக்கும் பனிக்கும் இதை அடிச்சுக்க ஒண்ணுமில்லை." மஞ்சள் சுவரில் வட்டமாகக் கிடந்தது. அந்த மஞ்சளைப் பார்த்ததும் மனசு கயிற்றை அறுத்துக்கொண்டு, போன வருச ஆயுத பூஜைக்கு ஓடியது, அவர் பிடிக்கப் பிடிக்க ஓடியது. வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து, பூசணிக்காய் தயாராக இருந்தது. வருசா வருசம் பானட்டில் மூணு விரலால் சந்தனப் பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைப்பது துளசிமணி வேலை. போன வருசம் அவளால் நிற்க முடியவில்லை. செகப்புப் பிளாஸ்டிக் சேரைப் போட்டு வண்டி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மகள் கோகிலா சந்தனக் கிண்ணத்தை வாங்கப் போனாள், "விடு அம்மிணி, நானே வெக்கறேன்" என்று துளசிமணி கையை நீட்டினாள். பானட்டு எட்டவில்லை. எட்டினது இடதுபக்க லைட்டுதான். கண்ணாடிமேல் மூணு விரலை வைத்து இழுத்தாள். கை நடுங்கி, மூணாவது கோடு வால் முளைத்துக் கீழே சறுக்கிவிட்டது. "கோணிப் போச்சுங்க மாமா" என்றாள். "இருக்கட்டும் விடு, அதுவும் ஒரு அழகுதான்" என்றார். அதற்கு அவள் என்னமோ சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த இடத்தில் வந்து ஞாபகம் எப்போதும் நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காது. பதினோராம் நாள் அவள் போய்விட்டாள்.

"மஞ்சளே போட்டரலாமுங்களா" என்று கேட்டாள் மல்லீஸ்வரி. "வெளிச்சம் பத்தாதேம்மா" என்றார். பத்தாது, அது சத்தியம். திங்கட்கிழமை பத்தாமல்தானே போச்சு. கோகிலாவுக்கு ஒன்பதாம் மாசம், டாக்டரைப் பார்த்துவிட்டு மூலனூருக்குத் திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது. ரோட்டின் வலது பக்கம் தெரிகிறது, புளியமரத்தின் வெள்ளை வளையம்கூடத் தெரிகிறது. இடது ஓரம் மட்டும் சாம்பல் கரைத்த மாதிரி. "அப்பா" என்று கோகிலா கத்தினாள். அவர் பிரேக்கை மிதித்தார், எதற்கு மிதிக்கிறோம் என்று தெரியாமலே மிதித்தார். நின்றபோது கதவுக்குப் பக்கத்தில் தலைச்சுமையாகச் சோளத்தட்டுக் கட்டு, கட்டுக்கடியில் ஒரு பொம்பளை. முட்டவில்லை. ஒரு சாண் இருந்தது. "கண்ணுத் தெரியலீனா ஊட்டுல கெடக்க வேண்டியதுதான" என்று அந்தப் பொம்பளை வைதது நியாயம்தான். கோகிலா ஊர் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணி குடித்துவிட்டுத்தான் சொன்னாள், "அப்பா, லைட்டைச் சரி பண்ணுங்க. இல்லீனா வெள்ளிக்கிழமை அவரு வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு." லைட்டை என்றுதான் சொன்னாள். பல்பை என்று சொல்லவில்லை. அதைப் பல்பு என்று ஆக்கிக்கொண்டவர் இவர்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. தலைப் பிரசவம் பொறந்த வீட்டில்தான், ஆனால் சம்பந்தியம்மாள் கூப்பிடப் போன அன்றைக்கே கேட்டாள், "பொம்பளை இல்லாத ஊட்டுல எப்படிங்க." கேட்டது பொய்யில்லை. இருந்தாலும் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "நான் இருக்கறனுங்க, எந்நேரம் வலி வந்தாலும் நான் வண்டி எடுப்பனுங்க" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு கூட்டி வந்தார். வலி என்ன வெயிலடிக்கும்போது பார்த்தா வரும். தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் இருட்டு ரோடு. இந்தப் பேரனோ பேத்தியோ வயிற்றில் உண்டானதே அவள் போன பிறகுதான், துளசிமணிக்குத் தெரியாது. ஏழு வருசம் போகாத கோவிலில்லை, கும்பிடாத சாமியில்லை, கடைசியில் சேதி வந்தபோது கேட்க ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவர் மாட்டுக் கொட்டாயில் போய்ச் சொன்னார், மாட்டிடம்தான். பிள்ளையும் நாளைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் மாடும்தான்.

"அப்ப நூறு வாட்ஸ் இருக்குதாம்மா, பெருசு" என்று கேட்டார். நல்ல ரோசனை மாதிரிதான் இருந்தது. லைட்டை ஜாஸ்தி பண்ணிவிட்டால் எதையும் தொட வேண்டியதில்லை. ஆமாம், தொடக்கூடாது, அதுதான் விசயம், பல்பு அல்ல. அவள் காரியம் முடிந்த மூணாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடிய விடிய கூரையில் சத்தம். படுத்திருந்தவர் திடுக்கென்று எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, வேட்டியால் அந்த லைட்டை மூடிக்கொண்டு மழையிலேயே குந்த வைத்து உட்கார்ந்துவிட்டார். அறிவிருக்கிறவன் வண்டியைக் கொட்டாய்க்குள் தள்ளியிருப்பான். விடியக்காலை, கண்ணாடி காய்ந்ததும், கோகிலா படிக்கும்போது நோட்டுக்கு அட்டை போட்டு மிச்சம் வைத்திருந்த அகலமான கண்ணாடி டேப்பை எடுத்து அந்தச் சந்தனத்தின்மேல் ஒட்டினார். ஒரு வரி, மேலே இன்னொரு வரி, ஓரத்தில் இன்னொன்று. வாரம் ஒருதரம் வண்டியைத் துடைப்பார், துணி அந்தப் பக்கம் வரும்போது சுற்றிக்கொண்டு போகும், தூங்குகிற பிள்ளையைச் சுற்றிக்கொண்டு கூட்டுகிற மாதிரி. அவள் போட்டோ இருக்கிறது, சேலை இருக்கிறது, மூக்குத்தி பீரோவில் இருக்கிறது. ஆனால் போட்டோவை எடுத்தது ஸ்டுடியோக்காரன், சேலையை நெய்தது எவனோ. அவள் கை இழுத்து, அவள் விரல் அப்படியே நின்றுபோனது உலகத்தில் அது ஒண்ணுதான். மூணு கோடும் ஒரு வாலும். அதை மறைத்துக்கொண்டுதான் வெளிச்சம் வர மாட்டேன் என்கிறது என்று அவருக்குத் தெரியாதா. நல்லாத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பல்பு கேட்டு நிற்கிறார், வயிற்றுவலிக்கு மூக்குக் கண்ணாடி கேட்கிற மாதிரி.

"நூறு வாட்ஸு வேண்டாமுங்க" என்றாள் மல்லீஸ்வரி. "எதுக்க வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சு போயிரும். உங்க வண்டி ஒயரும் தாங்காது. சூடு ஏறி முன்னாடி இருக்கற கண்ணாடியே கருகிப் போயிருமுங்க." கண்ணாடி கருகும். சந்தனம் கருகும். அவர் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார், சுட்டுவிட்ட மாதிரி. "வேண்டாம், வேண்டாம்." அவள் அட்டைப் பெட்டியைப் பிரித்து மஞ்சள் பல்பு ஒன்றை அடியில் பிடித்து எடுத்துக் காட்டினாள். அவர் வாங்கக் கையை நீட்ட, "கண்ணாடியத் தொட்டறாதீங்க" என்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "விரல் பட்டா ரேகை பதிஞ்சுருமுங்க. கையில இருக்கற எண்ணெய்ப் பசை போதும், எரியும்போது அந்த எடம் மட்டும் சூடாகிப் பல்பு சீக்கிரம் போயிரும். அடியிலதான் புடிக்கோணும்." ஒரு விரல் ரேகைக்கு அவ்வளவு பலமா. அவர் அந்தக் குட்டிக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். உள்ளே ஒரு கம்பிச் சுருள், முடி கனம். இத்தனை நாளாகத் துளசிமணி ரேகைக்குப் பின்னால் இது எரிந்துகொண்டு கிடந்திருக்கிறது, திங்கட்கிழமையும் எரிந்தது, பாவம், அதன் வேலையை அது பார்த்திருக்கிறது. "வண்டிய ஒருக்காப் பாத்தரலாமுங்க" என்று அவள் மேஜையைச் சுற்றி வந்துவிட்டாள். "பாக்க வேண்டியதில்லம்மா, பல்பைக் குடு, நானே மாட்டிக்கறேன்" என்றார். "பாக்காம நான் குடுக்கறதில்லீங்க. ராத்திரி ஓட்டற வண்டி." ராத்திரி ஓட்டுகிற வண்டிதான். ஒன்பது மாசப் பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு ராத்திரி ஓட்ட வேண்டிய வண்டி. அவர் பின்னாலேயே போனார். வெயிலில் கண் கூசியது, செருப்பை மாற்றிப் போட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் இடதுபக்க லைட்டு முன்னால் குனிந்து, "ஒடஞ்சு போச்சுங்களா, டேப்பு ஒட்டீருக்கறீங்க" என்றாள். "ஆமாம்மா" என்று பொய் சொன்னார். முப்பத்தொரு வருசம் பிறத்தியார் பொய்யை மோந்து பிடித்த ஆள், அவர் பொய் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. அவள் நகத்தால் டேப்பின் ஓரத்தைத் தடவினாள், முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள், அப்புறம் நகத்தை எடுத்துக்கொண்டாள். "பொட்டுங்களா" என்று கேட்டாள். "போன ஆயுத பூஜைக்கு வெச்சது." "ஆருங்க வெச்சது?" "எங்க ஊட்டுல" என்றார். "ஐப்பசில போயிட்டா." மல்லீஸ்வரி நிமிர்ந்தாள். அய்யோ பாவம் என்று சொல்லவில்லை, அந்த மட்டுக்கு அவர் பிழைத்தார். "பல்பு நல்லாத்தான் இருக்குமுங்க" என்று மட்டும் மெல்லச் சொன்னாள், "இதுல நான் கை வெக்க மாட்டனுங்க. உள்ள இருக்கறேன்." போய்விட்டாள். உள்ளே ஏதோ டப்பாவை எடுத்து எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது, வேலை இருக்கிற மாதிரி.

சென்னியப்பன் லைட்டு முன்னால் குந்தினார். முழங்கால் கடக்கென்றது. அவள் உட்கார்ந்திருந்த உயரம் இதுதான், செகப்புச் சேரில் உட்கார்ந்தால் இந்த உயரம்தான் வரும். டேப் பழுத்துப்போய்க் கிடந்தது, உள்ளே கொப்புளம் கொப்புளமாகக் காற்று, ஓரமெல்லாம் மண். எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் இல்லை. எடுக்காவிட்டால் பிள்ளை நாளைக்குப் போய்விடும், போகட்டுமே, அங்கே பொம்பளைகள் இருக்கிறார்கள், நல்லாப் பார்த்துக்கொள்வார்கள், கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறான். இவர் வீட்டில் இந்த லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கிடக்கலாம். அந்தச் சோளத்தட்டுக் கட்டு கண் முன்னால் வந்தது. ஒரு சாண். இடது ஓரத்தில்தானே சனங்கள் நடக்கும், ஆடு போகும், சைக்கிள் போகும். துளசி, நீ வைத்த பொட்டு ஒரு பொம்பளையைக் கொல்லப் பார்த்ததே என்று நினைத்தார், நினைத்தபோதே அது அநியாயம் என்று தெரிந்தது. அவள் கோணிப்போச்சு என்றாள், அவர் இருக்கட்டும் விடு என்றார், அவள் சிரித்துக்கொண்டே என்னமோ சொன்னாள், என்ன சொன்னாள், இந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, அந்தச் சுற்றின முந்தானையோடு கையை நீட்டி. துடைக்கத்தான் நீட்டினாள். அப்போதுதான் நின்ற இடத்திலிருந்து ஞாபகம் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. "வெளிச்சத்தை மறைக்குமுங்க மாமா. பூசை முடிஞ்சதும் நாளைக்கு ஞாபகமாத் தொடச்சுருங்க." அதைத்தான் சொன்னாள். "சரி சரி" என்று இவரும் சொன்னார், வாய் நிறையச் சொன்னார். மறுநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், எவன் லைட்டைப் பார்த்தான். அவள் துடைக்கச் சொன்னதை அவர் பத்து மாசமாக டேப் ஒட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

நகம் வைத்து ஓரத்தைக் கிளப்பினார். டேப் வெயிலில் நைந்து போயிருந்தது, ஒரே வரியாக வராமல் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. முதல் வரி வந்தது, இரண்டாவது வந்தது. அடியில் கெட்டியாகச் சந்தனம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை. மழைத் தண்ணி எப்போதோ உள்ளே இறங்கி எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. மஞ்சளாகத் தெரிந்ததெல்லாம் டேப்பின் பசை, பசையில் ஒட்டின மண். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். அந்த மூக்கு ஏமாறாது. கோந்து வாசம்தான் வந்தது. கடைசி வாலில் மட்டும், டேப்பின் மடிப்புக்குள், நெல் முனை அளவுக்குத் தூள் மாதிரி ஏதோ இருந்தது, அது சந்தனமா புழுதியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. உள்ளங்கையில் தட்டிக்கொண்டார். வேட்டி முனையை நனைக்கத் தண்ணி தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணிலிருந்து வந்ததே கண்ணாடிமேல் விழுந்தது, அதை வைத்தே துடைத்தார். ஊர் பார்க்கும் என்று தோன்றியது, பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மல்லீஸ்வரி வந்து பானட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் மஞ்சள் பல்பை அடியில் பிடித்து மாட்டினாள். வண்டி மூக்கைக் கடைக்குள் விடச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கி, லைட்டைப் போடச் சொன்னாள். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது, வலதுக்கும் இடதுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. சுவரில் ஆணியடித்த ஓட்டைகூடத் தெரிந்தது. புதுசாக எதை மாட்டினாலும் மல்லீஸ்வரி ஒரு பொட்டு வைப்பாள் போலிருக்கிறது, குங்குமச் சிமிழோடு வந்து, இடதுபக்க லைட்டை நோக்கி விரலைக் கொண்டுபோனாள். "கண்ணாடில வேண்டாம் அம்மிணி" என்றார் சென்னியப்பன். "வெளிச்சத்தை மறைக்கும். பானட்டுல வெச்சுரு." அவள் பானட்டில் வைத்தாள். அப்புறம் அவர் இடது கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "கோகிலா, லைட்டைத் தொடச்சுட்டேன் சாமி." பல்பு மாத்திட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், வந்தது இது. எதைத் தொடச்சீங்க என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பத்து மாசமும் தெரிந்திருக்கிறது. "கையக் கழுவிட்டீங்களாப்பா" என்று கேட்டாள். "இன்னும் இல்ல சாமி." "கழுவாதீங்கப்பா" என்றாள். "அப்படியே வாங்க, நான் ஒருக்காப் பாத்துக்கறேன்." அதில் ஒன்றுமில்லை, வெறும் பசை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. வலது கையை மூடி, சட்டையில் படாமல் நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் காசை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வண்டிக்கு நடந்தார்.